குமிழை வைத்தவர் யார்?

"எனக்கு இதெல்லாம் வராதப்பா, நான் ஒரு மக்கு!"

இப்போதெல்லாம் வீட்டுக்கு வீடு காதில் விழுகிற வாக்கியம் இது. சொல்லுகிறவர் யார் என்று திரும்பிப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். பால் கணக்கு, பத்திரிகைக் கணக்கு, சீட்டுப் பணம் கட்டவேண்டிய தேதி, நாத்தனார் பெண்ணின் கல்யாணத்தில் யார் எவ்வளவு மொய் எழுதினார்கள் என்ற விவரம், எல்லாவற்றையும் ஒரு துண்டுக் காகிதத்தில்கூடக் குறிக்காமல் மனத்திலேயே வைத்திருக்கும் குடும்பத் தலைவி அவர். திடீரென்று பத்து விருந்தாளிகள் வந்து இறங்கினாலும் அவர் வைக்கும் ரசத்தில் உப்புக் கூடாது, குறையாது. அப்பேர்ப்பட்டவர், உள்ளங்கை அளவு செல்போனில் ரயில் டிக்கெட் எடுக்க உட்காருகிறார். பெயர், வயது, மேல் படுக்கையா கீழ்ப் படுக்கையா என்பதெல்லாம் ஒவ்வொன்றாக எழுதி முடிக்கிறார். எங்கேயோ விரல் படுகிறது. அவ்வளவும் மாயமாய் மறைந்துவிடுகிறது. உடனே போனை மகனிடம் நீட்டி, "நான் ஒரு மக்கு" என்கிறார். பிள்ளையாண்டானும், "இதுகூடத் தெரியவில்லையா, அம்மா!" என்று நாலு தட்டுத் தட்டிக் கொடுத்துவிடுகிறான். மக்குப் பட்டம் ஊர்ஜிதமாகிவிடுகிறது.

அந்தப் பட்டத்தை வாங்கிக்கொள்ள வேண்டியவர் நீங்கள் அல்ல என்பது என் அபிப்பிராயம். யார் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று பார்ப்பதற்கு முன்னால், சற்றுச் சமையலறைப் பக்கம் வாருங்கள்.

இரண்டு பர்னர் உள்ள காஸ் அடுப்பில் இடது பக்கக் குமிழ் இடது பர்னருக்கு, வலது பக்கக் குமிழ் வலது பர்னருக்கு. இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. இப்போது நாலு பர்னர் அடுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என்று பர்னர்கள் சதுரமாக இருக்கின்றன. குமிழ்கள் மட்டும் ஒரே வரிசையாக நாலு. பின்பக்கத்து இடது பர்னருக்கு எந்தக் குமிழ்? முதலாவதா, இரண்டாவதா? சொந்த வீட்டு அடுப்பு என்றால் நாளடைவில் கைக்குப் பழகிவிடும். தங்கை வீட்டுக்குப் போய் ஒத்தாசையாக நின்றால், பாலை அணைப்பதாக நினைத்துக் குழம்பை அணைப்போம். பால் பொங்கி மேடையெல்லாம் வழியும்.

இதை ஒரு மனிதர் உட்கார்ந்து ஆராய்ச்சி செய்திருக்கிறார் என்றால் நம்புவீர்களா? அல்ஃபோன்ஸ் சபானிஸ் என்ற அமெரிக்க மனோதத்துவ நிபுணர். 1959-ல் இவரும் லிண்டன்பாம் என்ற சகாவும் நாலு பர்னர் அடுப்பில் பர்னர்களையும் குமிழ்களையும் நாலு விதமாக அமைத்து, பலரை அழைத்து இயக்கச் சொல்லிப் பார்த்தார்கள். பர்னர்கள் சதுரமாகவும் குமிழ்கள் வரிசையாகவும் இருந்த மூன்று அமைப்புகளிலும் திரும்பத் திரும்பத் தப்பு நேர்ந்தது. நாலாவது அமைப்பில் பின் பர்னர்களைச் சற்றே நகர்த்தி வைத்தார்கள். எந்தக் குமிழுக்கு நேரே எந்தப் பர்னர் என்று கண்ணுக்கே தெரிந்தது. அதில் ஒரு தப்புக்கூட நேரவில்லை. ஆட்கள் அதே ஆட்கள், மாறியது அடுப்புத்தான்!

சபானிஸுக்கு அடுப்பின் மேல் ஏன் இந்த அக்கறை? அதற்கு முந்திய கதைதான் ருசிகரமானது. இரண்டாவது உலக மகா யுத்தத்தின்போது அவர் அமெரிக்க விமானப் படையில் வேலை பார்த்தார். பி-17 என்ற பெரிய குண்டு வீச்சு விமானத்தில் ஒரு விநோத விபத்து அடிக்கடி நேர்ந்துகொண்டிருந்தது. விமானம் பத்திரமாகத் தரையில் இறங்கிவிடும். இறங்கி ஓடிக்கொண்டிருக்கும்போதே விமானி சக்கரங்களை மடக்கிவிடுவார். விமானம் வயிற்றைத் தரையில் தேய்த்துக்கொண்டு நாசமாகும். எதிரியின் குண்டுகளுக்குத் தப்பி வந்தவர், இறங்கிய இடத்தில் இப்படிச் செய்வானேன்? "விமானியின் தவறு" என்று எழுதிக் கோப்பை மூடினார்கள். அடுத்த வாரம் இன்னொரு விமானம், இன்னொரு விமானி, அதே தவறு.

சபானிஸ் விமானிகளை விட்டுவிட்டு, அவர்கள் உட்காரும் இடத்தைப் போய்ப் பார்த்தார். சிறகின் மடலை இயக்குகிற விசையும் சக்கரத்தை இயக்குகிற விசையும் பக்கத்துப் பக்கத்தில், இரட்டைப் பிள்ளைகள் மாதிரி ஒரே அச்சில் இருந்தன. இறங்கியதும் மடலை மடக்க வேண்டும். களைத்துப் போயிருக்கிற கை பக்கத்து விசையைத் தொட்டுவிடும். இந்த இரண்டு விசைகளும் வேறு விதமாக அமைந்திருந்த இன்னொரு ரக விமானத்தை ஓட்டியவர்கள் அந்தத் தப்பைச் செய்யவில்லை என்பதையும் அவர் கவனித்தார். உடனே என்ன செய்தார் தெரியுமா? விமானிகளுக்கு உபந்நியாசம் செய்யவில்லை. சக்கர விசையின் நுனியில் ஒரு சின்ன ரப்பர்ச் சக்கரத்தை மாட்டினார். மடல் விசைக்கு ஆப்பு மாதிரி ஒரு முனையை வைத்தார். (ஆப்பு வைத்து நல்லது செய்தவர் உலகத்திலேயே இவர் ஒருவராகத்தான் இருக்கும்.) கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் எது எது என்று தெரிந்துவிடும். விபத்து நின்றது. இன்றைக்கும் பெரிய விமானங்களில் சக்கர விசையின் முனை சக்கர வடிவத்திலேதான் இருக்கிறது.

யுத்தம் முடிந்து 1947-ல் பால் ஃபிட்ஸ் என்ற இன்னொரு நிபுணர், "விமானியின் தவறு" என்று சொல்லப்பட்ட 460 சம்பவங்களைத் தொகுத்து அலசினார். இவற்றில் பெரும் பங்கு விமானியால் வந்ததல்ல, விசைகளை அமைத்த முறையால் வந்தது என்பது அந்த ஆராய்ச்சியில் புலப்பட்டது. இந்த ஃபிட்ஸை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருவார்.

செல்போன் ஆப்புகளையும் வலைத்தளங்களையும் மனிதர் கைக்கும் கண்ணுக்கும் ஏற்றபடி அமைக்கிற கலைக்கு 'இண்டராக்ஷன் டிசைன்' என்று பெயர். இதற்கென்று கல்லூரியில் படிப்பு உண்டு. கைநிறையச் சம்பளம் உண்டு. ஆனால் அதன் சாரம் அந்த ரப்பர்ச் சக்கரம்தான்.

ஃபிட்ஸ் 1954-ல் ஒரு பரீட்சை செய்தார். இரண்டு உலோகத் தகடுகளை வைத்து, கையில் ஒரு கோலைக் கொடுத்து, மாற்றி மாற்றித் தொடச் சொன்னார். தகடு அகலமாகவும் கிட்டத்திலும் இருந்தால் கை விரைவாகப் போகிறது. குறுகலாகவும் தூரத்திலும் இருந்தால் தாமதிக்கிறது. "இதைச் சொல்ல ஒரு விஞ்ஞானியா வேண்டும்?" என்பீர்கள். வாஸ்தவம். ஆனால் எவ்வளவு தாமதம் என்பதற்கு அவர் ஒரு சூத்திரம் எழுதினார். இன்றைக்குத் திரையில் பொத்தான் வைப்பவர்களுக்கு அது பாலபாடம். விரலால் தொடவேண்டிய எதுவும் சுமார் 9 மில்லிமீட்டர் அகலமும் உயரமும் இருக்க வேண்டும் என்று ஆண்ட்ராய்டு போன்களுக்குக் கூகுள் கம்பெனியாரே விதி எழுதி வைத்திருக்கிறார்கள். விதி எழுதியாயிற்று, சரி. 'சேமி' என்பதையும் 'அழி' என்பதையும் ஒட்ட ஒட்ட வைத்து, இரண்டையும் கடுகு அளவில் வைக்கிற ஆப்புகள் இன்னும் எத்தனை! உப்பையும் சர்க்கரையையும் ஒரே மாதிரி டப்பாவில் போட்டு அடுத்தடுத்து வைத்துவிட்டு, பாயசம் கரித்தால் சமையற்காரியைத் திட்டுகிற மாதிரி இருக்கிறது.

நம் அஞ்சறைப்பெட்டியைச் செய்தவர் எந்தக் கல்லூரியிலும் இந்தப் படிப்புப் படிக்கவில்லை. மூடியைத் திறந்தால் எல்லாம் கண் முன்னால் இருக்கிறது. கடுகு தினமும் அதே இடத்தில். தாளிக்கிற அவசரத்தில் எதையும் ஞாபகப்படுத்திக்கொள்ள வேண்டியதில்லை, பார்த்தால் போதும். "ஞாபகத்தைச் சோதிக்காதே, கண்ணுக்குக் காட்டு" என்பது ஜேக்கப் நீல்சன் என்ற டென்மார்க்காரர் 1994-ல் வெளியிட்ட பத்து விதிகளில் ஒன்றின் கருத்து. நம் செல்போன்களிலோ மூலையில் மூன்று கோடு போட்ட ஒரு சின்னம் இருக்கிறது. 1981-ல் வெளிவந்த ஜெராக்ஸ் கம்பெனியின் 'ஸ்டார்' என்ற கம்ப்யூட்டருக்காக வரையப்பட்டது அது. அதைத் தட்டினால்தான் உள்ளே இருப்பது தெரியும்; அதாவது கதவு சாத்திய அலமாரி. அலமாரியில் விருந்துப் பாத்திரம் இருக்கலாம். தினமும் வேண்டிய தாளிப்புக் கரண்டியை அங்கே வைக்கலாமா?

இதுவரை சொன்னது சில்லறைத் தொந்தரவு. பணம் சம்பந்தப்பட்ட விஷயத்துக்கு வருவோம்.

1979 மார்ச் 28-ம் தேதி அமெரிக்காவில் பென்ஸில்வேனியா மாகாணத்தில், 'த்ரீ மைல் ஐலண்டு' அணுமின் நிலையத்தில் ஒரு பெரிய விபத்து நடந்தது. ஒரு வால்வு திறந்தபடியே சிக்கிக்கொண்டுவிட்டது. கட்டுப்பாட்டு அறையிலிருந்த விளக்கோ, வால்வு மூடிவிட்டதாகக் காட்டிற்று. ஏனென்றால் அந்த விளக்கு வால்வைப் பார்த்துச் சொல்லவில்லை. "மூடு" என்ற உத்தரவு போய்விட்டது என்பதை மட்டும் சொல்லிற்று. இரண்டு மணி நேரத்துக்கு மேல் யாருக்கும் விஷயம் தெரியவில்லை. முதலில் வழக்கம் போல ஊழியர்கள்மேல்தான் பழி. பிறகு விசாரிக்கச் சென்ற நிபுணர்களில் டான் நார்மன் என்பவரும் ஒருவர். தப்பு நேரட்டும் என்றே அமைத்தது போல் அந்த அறை இருந்தது என்று அவர் கண்டார். அன்றாடச் சாமான்களின் அமைப்பைப் பற்றி 1988-ல் அவர் எழுதிய புத்தகம்தான் இந்தத் துறைக்காரர்கள் எல்லோரும் படிக்கிற புத்தகம். கதவைத் தள்ளுவதா, இழுப்பதா என்று தெரியாமல் திண்டாடுகிற ஜனங்கள் தங்களையே நொந்துகொள்கிறார்களே, அது அநியாயம் என்பது அவர் கட்சி.

அணுமின் நிலையத்துக்கும் நம் அடுக்களைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். மளிகைக் கடையில் யு.பி.ஐ. மூலம் பணம் அனுப்புகிறீர்கள். ஒரு வட்டம் சுற்றுகிறது. சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது. பணம் போயிற்றா, போகவில்லையா? பத்தில் ஒரு விநாடியில் பதில் வந்தால் நம் கையே செய்த மாதிரி இருக்கும். ஒரு விநாடிவரை எண்ண ஓட்டம் அறுபடாது. பத்து விநாடியைத் தாண்டினால் மனிதர் கவனம் கலைந்துவிடும் என்பது இந்தத் துறையின் கணக்கு. கவனம் கலைந்தவர் என்ன செய்வார்? இன்னொரு தடவை அனுப்புவார். இரண்டு தடவையும் பணம் போய்விடும்.

கடைக்காரர் இதில் நம்மைவிடக் கெட்டிக்காரர். நம் போனில் தெரிகிற பச்சை அடையாளத்தை அவர் நம்புவதில்லை. அவர் மேஜையில் ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. "ஐம்பது ரூபாய் பெறப்பட்டது" என்று தமிழிலேயே உரக்கச் சொல்கிறது. நம் போன் சொல்வது உத்தரவு போன சேதி. பெட்டி சொல்வது பணம் வந்து சேர்ந்த சேதி. இந்தக் காலத்தில் நான் பார்த்த நல்ல அமைப்புகளில் இந்தப் பெட்டிக்குத்தான் முதல் இடம் கொடுப்பேன். கல்லாவில் இருப்பவர் போன் திரையைப் பார்க்க வேண்டியதில்லை, எண்ணெய்க் கையைத் துடைக்க வேண்டியதில்லை, எழுத்துக்கூட்டிப் படிக்கவும் வேண்டியதில்லை.

வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தால் மறுபடி அனுப்பாதீர்கள். முதலில் ஆப்பில் பழைய வரவு செலவுப் பட்டியலைத் திறந்து பாருங்கள். ஒருவருக்கு அனுப்பிய பணம் உங்கள் கணக்கில் கழிந்தும் அவருக்குப் போய்ச் சேரவில்லையானால், மறுநாளுக்குள் அது தானாகத் திரும்ப வேண்டும் என்பது ரிசர்வ் பாங்கின் 2019-ம் வருஷத்து உத்தரவு. கடைக்காரருக்குச் செலுத்திய பணமானால் ஐந்து நாள் தவணை. அதற்கு மேல் தாமதமானால் நாள் ஒன்றுக்கு 100 ரூபாய் வீதம் நஷ்ட ஈடு உண்டு.

இன்னொரு மோசடியையும் சொல்ல வேண்டும். பழைய கட்டிலை விற்பதாக நீங்கள் இணையத்தில் விளம்பரம் செய்திருப்பீர்கள். ஒருவன் பேசுவான்: "பணத்தை அனுப்பியிருக்கிறேன், அம்மா. திரையில் வருவதை ஏற்றுக்கொண்டு பின் நம்பரைப் போடுங்கள்." உண்மையில் அவன் அனுப்பியது பணமல்ல, பணம் கேட்கும் கோரிக்கை! நம்பரைப் போட்டதும் உங்கள் பணம் அவனுக்குப் போய்விடும். படித்தவர்கள், பாங்கில் வேலை பார்த்தவர்கள்கூட ஏமாந்தார்கள். காரணம், நாமாகப் பணம் அனுப்பினாலும், வேறொருவன் கேட்டு நாம் கொடுத்தாலும், கடைசியில் வருவது அதே பின் நம்பர்த் திரைதான். பக்கத்துப் பக்கத்தில் ஒரே அச்சில் இரண்டு விசைகள்!

"பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் வேண்டியதில்லை" என்று பாங்குகள் வருஷக்கணக்காக எச்சரித்தன. எச்சரிக்கை சரிதான்; இன்றைக்கும் மறக்கக்கூடாதது. ஆனாலும் ஏமாறுகிறவர்கள் ஏமாந்துகொண்டே இருந்தார்கள். முடிவில் 2025 அக்டோபர் 1 முதல், தனி நபர் ஒருவர் மற்றொருவரிடம் யு.பி.ஐ. மூலம் இப்படிப் பணம் கேட்கும் வழியையே நிறுத்திவிட்டார்கள். அனுப்புவதற்கு முன்னால், வாங்குகிறவரின் பெயர் பாங்கில் பதிவான படியே திரையில் வரவேண்டும் என்ற ஏற்பாடும் அதே வருஷத்தில் வந்தது. பி-17 விமானத்துக்கு ரப்பர்ச் சக்கரம் மாட்டியது 1943 வாக்கில். யு.பி.ஐ. வந்தது 2016-ல். நமக்குச் சக்கரம் மாட்ட ஒன்பது வருஷம் ஆயிற்று. அதற்குள் பணத்தை இழந்தவர்களில் எத்தனை பேர் வீட்டில் திட்டு வாங்கினார்களோ!

தப்பே நேராத அமைப்பு என்று ஒன்று கிடையாது. ஆகையால் செய்ததைத் திரும்ப எடுக்க வழி இருக்க வேண்டும். ஜீமெயிலில் கடிதம் அனுப்பிய பிறகும் 30 விநாடிவரை அதை மடக்கிப் பிடிக்க வசதி உண்டு. அமைப்புப் பக்கத்தில் போய் அந்த 30-ஐத் தேர்ந்தெடுத்துக்கொள்ள வேண்டும். வாட்ஸ்அப்பில் 'எல்லோருக்கும் அழி' என்பதற்குப் பதிலாக 'எனக்கு மட்டும் அழி' என்பதைத் தொட்டுவிட்டு, சம்பந்தி வீட்டார் இருக்கும் குரூப்பில் அந்தச் செய்தி மட்டும் அழியாமல் நிற்பதைப் பார்த்துத் துடித்தவர்கள் அநேகர். அதற்கும் 2022 டிசம்பரில் ஒரு மாற்று வந்தது: தொட்டவுடன் ஐந்து விநாடிக்கு, அழித்ததை மீட்க ஒரு வாய்ப்புக் கீழே தெரியும். ஐந்து விநாடி போதுமா என்பது சம்பந்தியைப் பொறுத்தது.

இவையெல்லாம் அறியாமல் நேர்ந்த கோளாறுகள். அறிந்தே செய்கிறவர்களும் இருக்கிறார்கள். விரல் எங்கே போகும், கண் எதைப் பார்க்காது என்று கற்றதையெல்லாம் நமக்கு எதிராகவே உபயோகிப்பவர்கள் இவர்கள். நீங்கள் கேட்காமலே கூடையில் இன்ஷூரன்ஸோ நன்கொடையோ சேர்ந்திருக்கும். "இன்னும் இரண்டு நிமிஷம்தான்!" என்று பொய்க் கடிகாரம் ஓடும். 'வேண்டும்' என்பது பெரிய பச்சைப் பொத்தான். 'வேண்டாம்' என்பது வெளிறிய சாம்பல் எழுத்து, அதுவும் "வேண்டாம், எனக்குப் பணம் மிச்சமாவது பிடிக்காது" என்று நம்மையே குத்திக் காட்டும். சந்தாவில் சேர ஒரு தட்டு, விலக ஏழு படி. ஒரு சந்தாவை நிறுத்துவதற்கு நானே ஒரு முழுக் காப்பி ஆறும் நேரம் தேடியிருக்கிறேன். கம்பெனியின் பெயர் இங்கே வேண்டாம்.

ஹாரி பிரிக்னல் என்ற ஆங்கிலேயர் 2010-ல் இந்தத் தந்திரங்களுக்கு 'டார்க் பேட்டர்ன்' என்று பெயர் வைத்தார். நம் தேசத்தில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-ம் தேதி வெளியிட்ட விதிமுறைகளில், இவற்றில் 13 வகைகளைப் பெயர் சொல்லித் தடை செய்திருக்கிறது. மேலே சொன்ன நாலும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. கூடையில் நைஸாகச் சேர்த்த பத்து ரூபாயும் சட்ட விரோதம்தான்.

இம்மாதிரி எதிலாவது அகப்பட்டுக்கொண்டால், மகன் கையில் போனைக் கொடுப்பதற்கு முன்னால் அந்தத் திரையைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான போன்களில் பக்கவாட்டுப் பொத்தானையும் ஒலியைக் குறைக்கும் பொத்தானையும் சேர்த்து அழுத்தினால் படம் பதிவாகிவிடும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. போன் செய்தால், எந்தத் தேதி, எந்த ஆப், எவ்வளவு ரூபாய் என்று கேட்பார்கள். மொய்க் கணக்கை மனத்தில் வைத்திருப்பவருக்கு இதெல்லாம் ஒரு பிரமாதமா?